கடைக்குட்டி நிலா

அறுவடை முடிந்த கோடையில் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் வந்திருக்கிறீர்களா? காய்ந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். கீதாரிகள் ஓட்டிவந்த செம்மறிகள். மந்தை நடக்கும்போது பாருங்கள்... இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். இரண்டே பேர்தான். ஒரு ஆடு வரப்புத் தாண்டாது!

யுரேனஸ் கிரகத்திலும் இப்படி ஒரு மந்தை இருக்கிறது. சொன்னால் நம்புவீர்களா?

1977 மார்ச் 10. ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வு மையம். ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப்போவதைப் பார்க்க ஜே.சி.பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருந்தார்கள். கிரகம் வந்து சேருமுன்பே நட்சத்திரம் சில நொடிகள் மங்கி, மறுபடி பளிச்சென்றது. 'யுரேனஸுக்குப் புதிதாக ஒரு நிலா' என்று 'நேச்சர்' பத்திரிகைக்கு எழுதினார்கள். அதே இரவில் விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்க விஞ்ஞானிகளுக்கோ, கிரகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பல தடவை மங்கியது. ஆக, நிலா இல்லை... வளையங்கள்!

சிரிக்காதீர்கள். யுரேனஸைக் கண்டுபிடித்த ஹெர்ஷலே, 1781-ல் அதை வால்நட்சத்திரம் என்றுதான் முதலில் நினைத்தார்.

அடுத்து ஒரு சந்தேகம் வந்தது. வளையம் என்பது கற்கூட்டம்தானே? ஒன்றோடொன்று மோதி, நாளாவட்டத்தில் சிதறிப் பரவியிருக்க வேண்டுமே! இவ்வளவு ஒல்லியாக எப்படி நிற்கிறது? 'உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று குட்டி நிலாக்கள் மேய்க்கின்றன' என்று 1979-ல் இரண்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 1986 ஜனவரியில் வாயேஜர்-2 போய்ப் பார்த்தது. எப்சிலான் என்ற வளையத்துக்கு வெளியே ஒஃபீலியா, உள்ளே கார்டீலியா. கீதாரிகள் அகப்பட்டுவிட்டார்கள்!

கார்டீலியாவின் குறுக்களவு சுமார் 40 கிலோமீட்டர். புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் காரைக்குடி. அவ்வளவுதான். யுரேனஸின் நிலாக்களில், நமக்குத் தெரிந்தவரை, கிரகத்துக்கு மிக நெருக்கமாகச் சுற்றுவது இதுதான்.

பெயர் ஷேக்ஸ்பியர் கொடுத்தது. லியர் மன்னனுக்கு மூன்று மகள்கள். 'என்மேல் யாருக்குப் பாசம் அதிகம்?' என்று கேட்டு நாட்டைப் பங்கு வைக்கிறான். மூத்தவர்கள் இருவரும் தேனாக உருகுகிறார்கள். கடைக்குட்டி கார்டீலியாவுக்கு அப்படிப் பேச வரவில்லை. பங்கும் வரவில்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், என் தங்கை.

அப்பா ஊரில் இருக்கிறார். அண்ணன் கோவையில், நான் சென்னையில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, 'உடம்பைப் பார்த்துக்குங்கப்பா' என்று உருகுவோம். தங்கைக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது. பக்கத்துத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாத்திரை, கஞ்சி, ராத்திரி இருமினால் ஓடுவது எல்லாம் அவள்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு சொத்தைப் பிரித்தோம். வயலும் வீடும் எங்கள் இருவருக்கு. 'அவளுக்குத்தான் கல்யாணத்துலயே செஞ்சாச்சே' என்றார் அப்பா. விடுதலைப் பத்திரத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியது நான்தான். பெண்ணுக்கும் சம பங்கு உண்டென்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அது தெரியாதவனில்லை நான், பி.காம். படித்தவன். பற்று வரவு பார்க்கத் தெரிந்தவன்! அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பாவுக்குக் காபி ஆற்றப் போய்விட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யுரேனஸ் ஒருமுறை தன்னைத்தானே சுற்ற 17 மணி நேரமாகிறது. கார்டீலியா எட்டு மணி நேரத்தில் அதைச் சுற்றி வந்துவிடுகிறாள். கிரகத்தைவிட வேகமாக ஓடுவதாலேயே அதன் இழுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சரிந்துகொண்டும் இருக்கிறாள். பக்கத்திலேயே இருப்பதற்கு அவள் கொடுக்கிற விலை அது.

போன வாரம் அவளுக்குப் போன் போட்டேன்.

"அந்த வயலு விஷயமா உங்கிட்ட பேசணும்மா..."

"அப்பாவுக்குக் கஞ்சி ஆறுதுண்ணே. அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டாள்.

பத்திரம் எழுதுகிறவரிடம் கேட்டுவிட்டேன். என் பங்கில் அவளுக்கு எழுதிக் கொடுக்க ஒருநாள் போதுமாம். வருகிற வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.