அரண்மனை மருமகள்

குளிர்காலத்தில் வியன்னாவுக்குப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம் என்பேன். ஆனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். டிசம்பரில் அங்கே நாலு மணிக்கெல்லாம் விளக்கு வைத்துவிடுகிறார்கள்! நகரசபை மண்டபத்தின் எதிரே கிறிஸ்துமஸ் சந்தை. தெரு முனையில் சுடச்சுட வறுத்த செஸ்ட்நட். காப்பிக் கடையில் காப்பியுடன் ஒரு தம்ளர் தண்ணீரும் தட்டில் வைத்துத் தருகிறார்கள். எத்தனை நேரம் பத்திரிகை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. (நம் வீட்டு டிகாஷனுக்கு அது ஈடாகுமா என்று கேட்காதீர்கள். அந்த வம்பு எனக்கு வேண்டாம்.)

நான் சொல்ல வந்தது ஒரு மருமகளின் கதை. ஊரின் நடுவே இருக்கும் ஹோஃப்பர்க் அரண்மனையில் அவள் வாழ்ந்த அறைகளைப் பார்த்த பிறகு, மற்றதெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று.

1853 ஆகஸ்டில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப்புக்குப் பெண் பார்த்தார்கள். பிள்ளைக்கு வயது 23. பார்க்க வேண்டிய பெண் ஹெலேன். பிள்ளையின் கண்ணோ, கூட வந்திருந்த தங்கை எலிஸபெத்தின் மேல் போய் விழுந்தது! அவளுக்கு வயது 15. மறு வருஷம் ஏப்ரலில் கல்யாணம். மாமியார் சோபி வேறு யாருமில்லை, எலிஸபெத்தின் சொந்தப் பெரியம்மாதான். நம் வழக்கப்படி பார்த்தால் மாப்பிள்ளை அண்ணன் முறை! அங்கே அதெல்லாம் கணக்கில்லை போலும்.

பெரியம்மா ஆயிற்றே, பரிவாக இருப்பாள் என்றா நினைக்கிறீர்கள்? முதல் பெண் குழந்தைக்குத் தாயை ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டி தன் பெயரையே வைத்தாள். குழந்தைகளின் அறையும் பாட்டியின் அறைக்குப் பக்கத்திலேதான். பெற்றவள் படியேறிப் போய்த் தன் குழந்தையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். 1857-ல் ஹங்கேரிக்குத் தன்னோடு அழைத்துப் போன அந்த மூத்த குழந்தை, 2 வயதில் அங்கேயே நோயில் இறந்தது. அதன் பிறகு வாதாட எலிஸபெத்துக்கு நெஞ்சில் தெம்பில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிள்ளை ருடால்ஃபைச் சிப்பாய் ஆக்குவதற்காக அவனிடம் ஒரு முரட்டு ஆசிரியரை விட்டார்கள். ஆறே வயதுக் குழந்தையைத் துப்பாக்கி வெடித்து எழுப்புவாராம் அந்த மனிதர்! 1865-ல் தாய் பேனாவை எடுத்தாள். குழந்தைகளைப் பற்றிய எல்லா முடிவும் தன்னுடையது, தான் எங்கே தங்குவது என்பதும் தன் இஷ்டம் என்று கணவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆசிரியர் மாற்றப்பட்டார். அரண்மனையில் நான் பார்த்த வைர நகைகளை விட அந்தக் கடிதம்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

அவளுடைய அறையில் கழைக்கூத்தாடி தொங்குகிற மாதிரி மரச்சட்டங்களும் வளையங்களும் இருக்கின்றன. சக்கரவர்த்தினி தினமும் தேகப்பயிற்சி செய்வாளாம்! கூந்தலோ கணுக்கால் வரை. முட்டையும் பிராந்தியும் விட்டு அலசுவார்களாம். சீயக்காய் தெரியாத தேசம், பாவம். பின்னி முடிக்கத் தினம் இரண்டு மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் சும்மா இராமல் ஹங்கேரிய மொழியும் கிரேக்கமும் படித்தாள்.

அந்த ருடால்ஃப் 1889-ல், 30 வயதில், தன்னையே சுட்டுக்கொண்டான். அன்று முதல் அவள் கறுப்பு உடைதான். 1898-ல் ஜினீவாவில் படகேறப் போனவளை ஒருவன் கூரிய அரத்தால் மார்பில் குத்தினான். இறுக்கக் கட்டியிருந்த கச்சையினால் காயம் தெரியாமல், எழுந்து நடந்து படகேறிய பிறகுதான் சாய்ந்தாள்.

அரண்மனையிலிருந்து நடக்கிற தூரத்தில் கபூசின் துறவிகளின் கோயில். அதன் நிலவறைக்கு இறங்கினேன். நடுவே உயரத்தில் பிரான்ஸ் ஜோசப். ஒரு புறம் எலிஸபெத், மறு புறம் ருடால்ஃப். அவள் பெட்டியருகே யாரோ புதுப் பூ வைத்திருந்தார்கள். மாமியார் சோபியும் அதே நிலவறையில்தான் இருக்கிறாள். நல்ல வேளையாக, அடுத்த அறையில்.