வேலி பாயும் பூனையும் அம்மம்மாவின் வெந்தயக்கீரையும்

லண்டனில் வளர்ந்த உங்களில் பலருக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம், புல்லின் ஓரமாக ஒரு பாத்தி. அந்தப் பாத்தி அநேகமாக வீட்டின் மூத்தவருக்குச் சொந்தம். எங்கள் வீட்டில் அது அம்மம்மாவுடையது. நான்கு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம். மே மாதம் குளிர் விட்டதும் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் விதைப்பார். யன்னலோரம் முளைக்க வைத்த மிளகாய்க் கன்றுகள் பிறகு வெளியே வரும்.

அம்மம்மாவுக்கு 81 வயது. ஆங்கிலம் தெரியாது. தனியாகப் பஸ் ஏறமாட்டார். இந்த நாட்டில் யாரையும் கேட்காமல் அவர் முடிவெடுக்கக்கூடிய ஒரே இடம் அந்த நான்கு சதுர மீற்றர்தான். அதனால்தான் போன வருடம் ஒரு பூனை எங்கள் வீட்டில் இவ்வளவு பெரிய பிரச்சினையானது.

அது பக்கத்து வீட்டுச் செம்மஞ்சள் பூனை. விதை தூவிய மறுநாளே வேலி பாய்ந்து வந்து, மண்ணைக் கிளறி, வேலையை முடித்து, மூடிவிட்டுப் போகும். அந்த நேரம் அக்கா ஐந்து மாதக் கர்ப்பிணி. பூனைக் கழிவு இருக்கும் மண்ணில் வெறுங்கையால் வேலை செய்யக்கூடாது என்று மருத்துவத் தாதி அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா உடனே தீர்ப்புச் சொன்னார்: "பாத்தியே வேண்டாம். கல்லுப் பதிச்சு மூடுவம்."

அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு சாப்பிடவும் வரவில்லை.

அம்மாவின் பயம் வீண்பயம் அல்ல. டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் கழிவு வழியாக மண்ணுக்கு வரலாம். பெரும்பாலானவர்களுக்கு அது தொற்றினாலும் தெரியவே தெரியாது. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால், அரிதாகக் குழந்தையைப் பாதிக்கலாம். ஆனால் அதைத் தடுக்க முடியும். கழித்தவுடனேயே அது தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாட்கள் ஆகும். அதனால் கழிவை அன்றன்றே அகற்றுவது முக்கியம். விட்டுவிட்டால் மண்ணுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கர்ப்பிணி கையுறை போடவேண்டும், கையை நன்றாகக் கழுவவேண்டும். கீரையை மண் போக அலசிச் சமைத்துச் சாப்பிடவேண்டும். சரியாக வேகாத இறைச்சியாலும் இதே தொற்று வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒரு மாதம் பார்ப்பம்" என்று இறங்கி வந்தார்.

அம்மம்மாவின் முதல் யோசனை மிளகாய்த்தூள். அது வேண்டாம் என்றேன். பூனை பாதத்தை நக்கும், அதே பாதத்தால் முகத்தைத் துடைக்கும். தூள் வாய்க்கும் கண்ணுக்கும் போய்விடும். பூச்சி உருண்டையும் கூடாது, அது பூனைக்கு நஞ்சு. இங்கே பூனை எங்கேயும் சுற்றித் திரியலாம், சட்டம் அதைத் தடுப்பதில்லை. ஆனால் ஒரு மிருகத்தைத் தேவையில்லாமல் வதைத்தால் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி அது குற்றம்.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். "அம்மம்மா, ஊரில விதைச்ச பாத்தியைக் கோழி கிளறாமல் என்ன செய்வியள்?"

அவர் முகம் மாறியது. "முள்ளுக்கொப்புப் போடுவம். வேறென்ன?"

அங்கிருந்து எல்லாம் எளிதாகிவிட்டது. பூனைக்குப் பிடித்தது காய்ந்த, பொலபொலவென்ற, வெறும் மண். விதைப்பதற்காக நாங்கள் ஆயத்தப்படுத்தும் மண் அச்சொட்டாக அதுதான். ஆகவே மண்ணை வெறுமையாக விடக்கூடாது. கத்தரித்த றோசாக் கொப்புகளைப் பாத்தியின் மேல் பரப்பினோம். விதைத்த இடத்தில் கோழிவலையை மண்ணோடு மண்ணாகப் படுக்க வைத்து, ஓரங்களைக் கல்லால் அழுத்தினோம். கீரை அதன் கண்களுக்குள்ளால் வளர்ந்து வந்தது. மிளகாய்க் கன்றுகளுக்கு இடையில் ஒரு சாண் உயரக் குச்சிகளை நெருக்கமாக நட்டோம், பூனைக்குத் திரும்பி இருக்க இடமில்லாதபடி. காலையும் மாலையும் தண்ணீர் விட்டோம். ஈர மண்ணைப் பூனை விரும்பாது.

வரவு குறைந்தது, நிற்கவில்லை. அப்போதுதான் அம்மம்மா, "நீ வந்து கதை" என்று என்னைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு பிடி வெந்தயக்கீரை.

கதவைத் திறந்த மூதாட்டிக்கும் அம்மம்மாவின் வயதுதான் இருக்கும். அம்மம்மா தமிழில் சொன்னார்: "பூனையில கோவமில்லை எண்டு சொல்லு. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு, அதுதான் பயம்." ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மூதாட்டி எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். முழங்கால் வலியால் புல்வெட்ட முடியாமல், தோட்டம் முழுவதற்கும் கல் பதித்திருந்தார். அவருடைய பூனைக்குக் கிளற ஒரு பிடி மண் இல்லை.

எங்கள் அம்மா செய்ய நினைத்ததை அவர் ஏற்கெனவே செய்திருந்தார். அதனால்தான் பூனை எங்களிடம் வந்தது. நாங்களும் மூடியிருந்தால் அது அடுத்த வீட்டுப் பாத்தியைத் தேடிப் போயிருக்கும்.

அடுத்த வாரம் அவருடைய கொட்டகைக்குப் பின்னால் ஒரு அகலமான பெட்டியில் மணலும் மண்ணும் கலந்து நிரப்பிக் கொடுத்தேன். அதைத் துப்புரவாக்கும் வேலை அவருடையது. இரண்டு வாரத்தில் பூனை எங்கள் பாத்தியை மறந்துவிட்டது. வேலியில் மட்டும் வந்து படுத்திருக்கும். அம்மா கல்லுப் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

உங்கள் வீட்டுக்கு வருவது யாருடைய பூனை என்று தெரியாவிட்டால், ஒரு பூனை நல அமைப்பிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் 20 வாரத்துக்கு மேற்பட்ட வளர்ப்புப் பூனைகளுக்கு மைக்ரோசிப் கட்டாயம். சிப் இருந்தால் அதன் வீட்டைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்பு, ஊரில் கோழிக்கு என்ன செய்தீர்கள் என்று உங்கள் அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.