கேட்டார்கள், இல்லை

சென்னைப் புத்தகக் காட்சியில் வாசகராகச் சுற்றி வருவது ஓர் அனுபவம். மேசைக்கு உட்புறம் நிற்பது முற்றிலும் வேறு. 1977-இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் சிறிதாகத் தொடங்கியது, பிற்பாடு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தை நிறைக்குமளவு வளர்ந்தது. அமைப்பாளர்கள் அதைக் 'காட்சி' என்றே எழுதுவார்கள். ஊர் 'கண்காட்சி' என்கிறது. உள்ளே நிற்பவருக்கு அது சந்தைதான்.

நண்பர்கள் நால்வர் நடத்தும் எங்கள் பதிப்பகத்தில் இருப்பவை 12 நூல்கள். அவற்றை நம்பி ஓர் அரங்கு எடுப்பது கணக்குப்படி நியாயமற்ற காரியம். வாடகை, வண்டிக்கூலி, நிற்பவர்களின் சாப்பாடு எல்லாம் ஒருபுறம். வாசகருக்கு வழக்கமாய்த் தரும் 10 விழுக்காடு கழிவு மறுபுறம். விற்பனையில் வாடகை தேறினாலே பாயசம் வைக்கலாம். ஆகவே பணத்தைத் தவிர அங்கிருந்து வேறு எதைக் கொண்டுவரலாம் என்று யோசிக்கலானோம்.

இடத்தை நிரப்புவதற்காகப் பிற சிறு பதிப்பகங்களின் நூல்களையும் வாங்கி அடுக்கினோம். சொந்த நூல் மறைந்துபோகும் என்று எச்சரித்தவர்கள் உண்டு. எங்கள் அனுபவம் நேர்மாறானது. வேறொரு நூலைத் தேடி வந்தவர்தான் பக்கத்தில் அட்டை தெரிய நிறுத்தியிருந்த எங்கள் நூலைக் கையில் எடுத்தார். முதுகு மட்டும் தெரிய அடுக்கியவை அப்படியே இருந்தன.

விடுமுறை நாள்களின் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கால் வலிக்கும், சில்லறை தீரும். வேலைநாள்களில் பிற்பகல் வாயில் திறந்ததும் வருகிறவர்களே வேறு வகையினர்: வெளியூர்ப் புத்தகக்கடைக்காரர்கள், கல்லூரி நூலகர்கள். அவர்கள் எதையும் வாங்குவதில்லை. "கடைக்குக் கழிவு எவ்வளவு?" என்று கேட்பார்கள், விலைப்பட்டியலை மடித்துப் பைக்குள் வைப்பார்கள், போய்விடுவார்கள். அந்தப் பட்டியல் அச்சில் இல்லையென்றால் அவர்களைப் பொறுத்தவரை நாம் அங்கு இல்லை. காட்சி முடிந்த வாரமே அவர்களைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். பொங்கல் களைப்பு தீரட்டும் என்று காத்திருந்தால் பட்டியல் பழைய தாளோடு போய்விடும். 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய பன்னாட்டுப் புத்தகக் காட்சி மொழிபெயர்ப்பு உரிமைக்கானது. அங்கும் இதே நியதிதான்: ஒரு பக்க ஆங்கிலக் குறிப்பும் மாதிரி அத்தியாயமும் கையில் இல்லாதவருக்குக் கிடைப்பது தேநீர் மட்டுமே.

ஆனால் எங்களுக்கு உண்மையான வரவு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். எங்களுள் கவிஞராகிய நண்பர் பில் புத்தகத்துக்கு அருகில் அதை வைத்து, முதல் பக்கத்தில் 'கேட்டார்கள், இல்லை' என்று எழுதினார். விற்ற நூலைப் பில் சொல்லிவிடும். விற்காத நூலை அலமாரி சொல்லிவிடும். கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவரை எழுதிவைத்தாலன்றி யாரும் சொல்லப்போவதில்லை. பதிப்பு தீர்ந்துபோன ரஷ்ய மொழிபெயர்ப்புகள், பிள்ளைகளுக்கான அறிவியல் நூல்கள், பாதியில் நின்ற ஒரு நாவலின் இரண்டாம் பாகம் (ஆசிரியரே எழுதவில்லை, என்ன செய்ய?) என்று பக்கங்கள் நிரம்பின.

மூன்றாம் நாளிலிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு குரல்களில் வரத் தொடங்கியது. "இதே கதைகள் பெரிய எழுத்தில் இருக்கிறதா? அம்மாவுக்குக் கண் தெரியவில்லை." ஒரு முதியவர் எங்கள் சிறுகதைத் தொகுப்பைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், முகத்தருகே கொணர்ந்தும் பார்த்தார், பிறகு பக்கம் கசங்காமல் மூடி இருந்த இடத்திலேயே வைத்தார். நெடுநாள் வாசகர் அவர்; புத்தகத்தை மூடிய விதத்திலேயே அது தெரிந்தது. அன்றைய தேதிக்குக் கீழே நண்பர் அதையும் குறித்தார்.

காட்சி முடிந்து கணக்குப் பார்த்தபோது ஒரே ஒரு நூல் அச்சிடும் அளவுக்குத்தான் பணம் எஞ்சியிருந்தது. அந்த ஆண்டு வெளிவர வேண்டியது நண்பரின் கவிதைத் தொகுப்பு. மெய்ப்பும் பார்த்து முடித்திருந்தோம். நாங்கள் மூவரும் பேசத் தயங்கி அமர்ந்திருந்தோம். அவரே நோட்டைப் புரட்டி, பெரிய எழுத்து கேட்டவர்களை எண்ணினார். 31 பேர்.

சிறுகதைத் தொகுப்பைப் பெரிய எழுத்தில் 300 படிகள் அச்சிட்டோம். பக்கங்கள் கூடியதால் விலையும் கூடிற்று. அதற்காகச் சிலர் முகம் சுளித்தார்கள். அடுத்த காட்சியில் அதை வாசலுக்கு நேராக வைத்தோம். நோட்டையும் நண்பர் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அவரது கவிதைகள் இன்னும் மெய்ப்புத் தாள்களாகவே எங்கள் மேசையறையில் இருக்கின்றன.