கடைசி எண்ணும் திருப்பருத்திக்குன்றமும்

நிரல்மொழிகளுக்குப் பெயரோடு மூன்று எண்கள் ஒட்டிக்கொண்டு வரும். பைத்தான் 2.7.18, பி.எச்.பி 5.3.8 என்று. முதல் எண் மாறினால் ஊரே பேசும். புத்தகங்கள் புதிதாக அச்சாகும். நடு எண் மாறினால் புது வசதிகளின் பட்டியல் ஒன்று வரும். கடைசி எண் மாறினால்? யாரும் கண்டுகொள்வதில்லை. "சில வழுக்கள் நீக்கப்பட்டன" என்று நாலு வரி அறிவிப்பு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் நீளமான பட்டியல். அதை முழுதாகப் படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதற்குப் பராமரிப்பு வெளியீடு என்று பெயர். புதிதாக எதுவும் தரமாட்டோம், நேற்று ஓடிய நிரல் இன்றும் அப்படியே ஓடும், தப்பாக இருந்தது மட்டும் சரியாகியிருக்கும். இதுதான் அது தரும் வாக்கு. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் "தப்பு" எது, "மாற்றம்" எது என்று யார் முடிவு செய்வது? சண்டை முழுக்க அங்கேதான்.

பி.காம் படிப்பவர்களுக்கு இந்தச் சண்டை புதிதில்லை. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் 5ஆம் கணக்கியல் தரநிலையை எடுத்துப் பாருங்கள். போன வருடக் கணக்கில் நேர்ந்த பிழையோ விடுபாடோ இந்த வருடம் தெரியவந்தால் அது முந்தைய கால இனம். தனியாகக் காட்டிச் சரிசெய்துவிடலாம். ஆனால் கணக்கிடும் கொள்கையையே மாற்றுவது வேறு கதை. சட்டம் சொல்ல வேண்டும், இல்லை தரநிலை சொல்ல வேண்டும், இல்லை அது கணக்கை இன்னும் பொருத்தமாகக் காட்ட வேண்டும். நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. கடைசி எண்ணின் வேலை முதல் வகை. இரண்டாம் வகைக்கு நடு எண்ணோ முதல் எண்ணோ மாற வேண்டும். உதாரணமாக 2.5ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் பைத்தான் 2 மூன்று என்றது. பைத்தான் 3 இரண்டு என்கிறது (சரிபாதியாக இருந்தால் இரட்டை எண் பக்கம் போ என்ற விதி). இதில் எதுவும் வழு இல்லை. கொள்கை மாறியிருக்கிறது, ஆகவே முதல் எண்ணும் மாறியிருக்கிறது.

சரி, கடைசி எண் வாக்குத் தவறினால் என்ன ஆகும்? அதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 2011 ஆகஸ்ட் 18 அன்று பி.எச்.பி 5.3.7 வெளியானது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட வழுக்களை நீக்கியதாக அறிவிப்பு. அதில் ஒன்று தமிழ் எழுதுகிறவர்களுக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. கடவுச்சொல்லைக் குழப்பிப் பூட்டி வைக்கும் புளோஃபிஷ் முறையில் ஒரு பழைய ஓட்டை இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு எல்லாம் சரி. ஆனால் பைட்டின் மேல் பிட் ஒன்றாக இருக்கும் எழுத்து வந்தால், கணக்கு அதைக் குறை எண்ணாக எடுத்துக்கொள்ளும்; முன்னால் இருந்த எழுத்துகள் சிலவற்றையும் அழித்துவிடும். பூட்டு இளகிவிடும். யூ.டி.எஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மூன்றிலுமே மேல் பிட் ஒன்றுதான். ஆக, தமிழில் கடவுச்சொல் வைத்தவருக்கு அந்தப் பூட்டு தொடக்கம் முதல் கடைசி வரை பலவீனம். 5.3.7 அதைச் சரிசெய்தது. பழைய பூட்டுகளையும் புதிய பூட்டுகளையும் பிரித்தறியத் தனித்தனி முன்னொட்டுகூடக் கொடுத்தது. இதைவிடப் பொறுப்பாக ஒரு வழுவை நீக்க முடியாது.

அதே 5.3.7இல், அதே கடவுச்சொல் பகுதியில், பக்கத்து அறையில் இன்னொன்று நடந்தது. எம்.டி.5 என்ற பழைய முறைக்கான நிரலில் ஒரே ஒரு டாலர் குறியை ஒட்டும் வரி ஒன்று உண்டு. அதில் இருந்த சி மொழிக் கட்டளை ஆபத்தானது என்பார்கள், எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. ஆகவே பாதுகாப்பான இன்னொரு கட்டளையை வைத்தார்கள். அந்தக் கட்டளைக்கு மொத்தம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஓர் எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லப்பட்ட எண் 1. ஒட்ட வேண்டிய எழுத்து ஒன்றுதானே என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். இடம் ஒன்றுதான் என்றால் அந்தக் கட்டளை எதையும் ஒட்டாது. டாலர் குறி வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் "சரம் முடிந்தது" என்ற பூஜ்யம் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் கணக்கெல்லாம் ஒழுங்காகப் போட்டு எழுதியிருந்தும் படிப்பவர் பூஜ்யத்தைப் பார்த்ததும் நின்றுவிடுவார்.

விளைவு? பூட்டின் முன்பாதி மட்டும் மிஞ்சியது, கடவுச்சொல்லின் சுவடே அதில் இல்லை. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்கள் சரியான சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே போக முடியாது. இன்னும் மோசம், 5.3.7 ஓடும்போது புதிதாகக் கடவுச்சொல் வைத்தவர்களின் கணக்குக்குள் யார் வேண்டுமானாலும், எந்தச் சொல்லை அடித்தும் நுழையலாம். நல்ல வேளை, எம்.டி.5 தவிர மற்ற முறைகள் தப்பித்தன. 5.3.8 வரும்வரை யாரும் மேம்படுத்த வேண்டாம் என்று பி.எச்.பி குழுவே அறிவித்தது. ஐந்தே நாளில், ஆகஸ்ட் 23 அன்று, 5.3.8 வந்தது. தொண்ணூறு திருத்தங்களை அடுத்து வந்த அந்த வெளியீட்டில் இருந்தவை இரண்டே. ஒன்று இந்த டாலர் குறி. இன்னொன்று, 5.3.7இல் செய்த வேறொரு மாற்றத்தை எடுத்துவிட்டுப் பழையபடி 5.3.6 போலவே விட்டது.

வேடிக்கை என்னவென்றால், இதைப் பிடிக்கும் சோதனை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அது தோற்றும் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் தோற்றுக்கொண்டே இருந்த சோதனைகள் ஏராளம். கூட்டத்தில் ஒன்றாக இதுவும் போய்விட்டது.

காஞ்சிபுரம் பக்கத்துப் பட்டுத் தறிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வகைப் பிழை உடனே புரியும். தறியில் பாவு தீர்ந்ததும் புதுப் பாவைத் தொடக்கத்திலிருந்து கோர்க்க மாட்டார்கள். பழைய பாவின் நுனி இழைகளை விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. பிறகு இழுத்தால் புதுப் பாவு விழுதுக் கண்களுக்குள் தானாக நுழைந்துகொள்ளும். நிறம், கரை, பேட்டு எல்லாம் பழைய அமைப்பிலேயே தொடரும். பராமரிப்பு வெளியீடு என்பது கிட்டத்தட்ட இந்தப் பிணைப்புதான். ஓர் இழை பக்கத்து இழையின் இடத்துக்குப் போய்விட்டால் பிணைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, நெய்ய நெய்யப் புடவையின் நீளத்துக்கும் ஒரு கோடாக இறங்கிக்கொண்டே போகும்.

ஆகவேதான் கடைசி எண்ணில் கைவைக்கப் பெரிய மொழிக் குழுக்கள் அவ்வளவு தயங்குகின்றன. பாதுகாப்பு ஒன்றுதான் பெரும்பாலும் விதிவிலக்கு. 2022 செப்டம்பரில் பைத்தான் 3.10.7 அப்படி ஒன்றைச் செய்தது. 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணைச் சரத்திலிருந்து மாற்றச் சொன்னால் (சரமாக்கச் சொன்னாலும்தான்) இனிமேல் பிழை காட்டும். நீளம் இரண்டு மடங்கானால் மாற்றும் நேரம் நான்கு மடங்காகும் என்பதால், மிகப் பெரிய எண் ஒன்றை அனுப்பியே ஒரு வழங்கியை முடக்கிவிடலாம் என்பது காரணம். முந்தைய நாள்வரை ஓடிய கணித நிரல்கள் சில நின்றுபோயின. கோபம் வந்தது. ஆனால் 5ஆம் தரநிலையில் "சட்டம் சொன்னால்" என்று ஒரு வரி இருப்பது மாதிரிதான் இதுவும். கட்டாயம் வந்தால் கொள்கையையும் மாற்றலாம்.

இனி நம் ஊர் வழக்கு. காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதிக் கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். ஜின காஞ்சி என்பது இதுதான். திரைலோக்கியநாதர் கோயிலும், 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபமும், அதன் விதானத்து ஓவியங்களும் இங்கே. (பட்டுக்குப் பேர்போன ஊரின் பக்கத்தில் பெயரிலேயே பருத்தியை வைத்துக்கொண்டு ஓர் ஊர்!) எழுதிப் பார்த்தால் தி, ரு, ப், ப, ரு, த், தி, க், கு, ன், ற, ம் என்று பன்னிரண்டு எழுத்து. யூனிகோடில் 22 குறிகள். உயிர்மெய்யின் கொக்கியும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால். 22 குறி என்றால் 66 பைட். புளோஃபிஷ் முறை 72 பைட்டுக்கு மேல் பார்க்காது என்பதால், கடவுச்சொல்லாக இந்த ஊர்ப் பெயர் அடங்கும், மிச்சம் ஆறே பைட். (அதற்காக வைத்துவிடாதீர்கள்.)

பைத்தான் 3இல் இந்தப் பெயரை அப்படியே ஒரு மாறிக்குச் சூட்டலாம். 2008 டிசம்பரில் 3.0 வந்த நாளிலிருந்து இந்த வசதி உண்டு. ஆனால் அதே பைத்தானிடம் "இந்தச் சரம் முழுக்க எழுத்துகள்தானா?" என்று கேட்டால் இல்லை என்கிறது. அடுத்து, ஒரு பத்தியிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்க எல்லோரும் பயன்படுத்தும் குறி ஒன்று இருக்கிறது, பேக்ஸ்லாஷ் டபிள்யூ. அதைக் கொண்டு இந்த ஒரே சொல்லைப் பிரிக்கச் சொன்னால் கிடைப்பது இது: த, ர, ப, பர, த, த, க, க, ன, றம. பத்துத் துண்டுகள்! கொக்கியும் கொம்பும் புள்ளியும் எழுத்து இல்லை என்பது அந்தக் குறியின் கணக்கு. ஆகவே அவை வரும் இடத்திலெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக வெட்டிவிடுகிறது. பட்டு என்று கொடுத்தால் "பட", "ட" என்று இரண்டு.

இது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. 2007 ஏப்ரலிலேயே தேவநாகரி எழுத்துகளை வைத்து ஒருவர் பைத்தானின் வழுப்பட்டியலில் பதிந்திருக்கிறார். 2011இல் யூனிகோட் தரநிலையையே மேற்கோள் காட்டி இன்னொருவர் பதிந்தார். 2022இல் அந்தப் பட்டியல் கிட்ஹப்புக்குக் குடிபெயர்ந்தது. 2024 அக்டோபரில் 3.13 வந்தது. அதிலும் பத்துத் துண்டுகள்தான்.

ஏன்? கையேட்டைத் திறந்தால் பதில் இருக்கிறது. அந்தக் குறி எதை எழுத்தாகக் கொள்ளும் என்று கையேடு தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. நிரல் அதன்படியே நடக்கிறது. சொன்னபடி நடப்பது வழு ஆகாது. கொள்கை! கடைசி எண்ணில் இதைத் தொட முடியாது என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், ஒரு நூலகம் தன் பத்தாயிரம் தமிழ்க் கட்டுரைகளுக்கும் இந்தப் பழைய குறியை வைத்தே தேடல் அட்டவணை போட்டிருக்கிறது. ஒரு நாள் இரவு 3.13.1லிருந்து 3.13.2க்கு மாறுகிறார்கள். மறுநாள் காலை புது நிரல் முழுச் சொல்லைத் தேடும். அட்டவணையிலோ துண்டுகள்தான் இருக்கும். எதுவுமே அகப்படாது. தப்பான அட்டவணைகூட, தேடுவதும் அதே தப்போடு இருந்தால், ஒருமாதிரி வேலை செய்யும். பாதியில் ஒன்றை மட்டும் திருத்தினால்தான் இரண்டும் போகும்.

அது கடைசி எண்ணுக்குச் சொல்லும் பதில். நடு எண்ணுக்கு என்ன பதில்? 2007க்குப் பிறகு நடு எண் எத்தனையோ முறை மாறிவிட்டது. முதல் எண்ணே ஒரு முறை மாறியது. 2.5ஐ இரண்டாக்கும் துணிச்சல் இருந்த இடத்தில் புள்ளியை எழுத்தோடு சேர்க்கும் துணிச்சலும் இருந்திருக்கலாம். "கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது" என்பது ஒரு தப்பு எவ்வளவு பழையது என்பதைக் காட்டலாம், தப்பே இல்லை என்று ஆக்கிவிடாது. பெர்லில் இதே குறி இந்த ஒட்டுக்குறிகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. இரண்டு பதிப்புகளுக்கு முன்பே எச்சரிக்கை காட்டி, பழையபடி வேண்டுபவர்களுக்கு ஒரு விசையும் கொடுத்து, நடு எண்ணில் மாற்றுவது பைத்தானுக்குப் பழக்கமான வழிதான்.

இதற்குள் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழி பைத்தானின் மேல்தான் எழுதப்பட்டது. "பதிப்பி", "ஆனால்", "முடி" என்று கட்டளைகளே தமிழில் இருக்கும் மொழி அது. அதோடு தொடர்புடைய ஓபன்-தமிழ் தொகுப்பில் ஒரு சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு உண்டு. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் பன்னிரண்டு என்று எண்ணும், பள்ளியில் சொல்லித்தந்தது போலவே. சொற்களைப் பிரிக்க வேண்டுமென்றால் பைத்தானோடு வரும் 're'க்குப் பதிலாக, ஆர்.ஈ.ஜி.ஈ.எக்ஸ் என்ற வெளித்தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். நிரலில் வேறு எதையும் மாற்ற வேண்டாம், அதே பேக்ஸ்லாஷ் டபிள்யூதான். திருப்பருத்திக்குன்றம் ஒரே துண்டாகத் திரும்பி வரும். ஆனால் பழைய அட்டவணை ஏதாவது இருந்தால் அதை முதலில் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.