கடைசிக்கு முந்தின பெஞ்சு

ஆகஸ்ட் 19, 2024

முத்தியால்பேட்டை மணிக்கூண்டில் பஸ் ஏறினால் காலாப்பட்டுப் பல்கலைக்கழகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நடுவில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக்குள் போய் மறுபடி புதுச்சேரிக்குள் நுழைய வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்து எல்லை அப்படி. கேரளா, ஒடிசா, அசாம் என்று எங்கெங்கிருந்தோ வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரி நான்தான், வாய் திறக்காதவளும் நான்தான். வகுப்பில் பேரும் ஊரும் சொல்லச் சொன்னார்கள். என் முறை வருவதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. "குருசுக்குப்பம்" என்றது முன் பெஞ்சுக்குக்கூடக் கேட்டிருக்காது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் எல்லார் கண்ணிலும் படுவோம். அதற்கு முந்தின பெஞ்சு நல்லது. அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அவள் குரல் மூன்று வரிசை தாண்டிக் கேட்கும். வீட்டில் நானும் அந்தக் குரல்தான்.

செப்டம்பர் 24

மத்தியானச் சாப்பாடுதான் கஷ்டம். யாரோடு போய் உட்காருவது? டப்பாவை அவசரமாக முடித்துவிட்டு லைப்ரரிக்குப் போய்விடுகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை பெயர் வைத்த நூலகம். துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்கும் ஊராருக்கும் நடுவில் பகலெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர், 1736-ல் தொடங்கி 1761-ல் சாகும்வரை நாட்குறிப்பும் எழுதியிருக்கிறார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்றெல்லாம். அவ்வளவு பேசியவருக்கும் எழுதிவைக்க மிச்சம் இருந்திருக்கிறது. அது எனக்குத் தைரியமாக இருந்தது.

டிசம்பர் 9

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. கல்லில் அலை மோதுகிற சத்தத்தில் யாரும் தூங்கவில்லை. அப்போது ஒரு மெசேஜ்: "உன் வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்? போனுக்குச் சார்ஜ் இருக்கா? தண்ணி பிடிச்சு வெச்சியா?"

அனுப்பியவள் லேபில் என் பக்கத்தில் நிற்கும் பெண், ஒடிசாவின் பூரி ஊர்க்காரி. அதுவரை பென்சில் கேட்டதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. 2019 மே 3-ல் ஃபானி புயல் அவள் ஊரில்தான் கரையேறியது. காற்று சட்டென்று நின்றால் வெளியே வராதே, மறுபடி எதிர்த் திசையிலிருந்து அடிக்கும் என்று எழுதினாள். கரண்ட் போகும்வரை எழுதிக்கொண்டே இருந்தோம். எழுத்தில் எனக்குக் கூச்சம் வருவதில்லை.

இன்று அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் டப்பாவைப் பார்த்தாள். காணாங்கெளுத்திக் குழம்பு. ஊரைவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் வைத்த மீன் குழம்பே சாப்பிடவில்லையாம். பாதிக்குமேல் அவளுக்குப் போனது. நாளையிலிருந்து இரண்டு டப்பா என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 6, 2025

"கூச்சத்தை விடு, ஃப்ரீயா பேசு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லிப் போகிற விஷயமில்லை இது. எனக்குப் பதில் தெரியும். அது மனசுக்குள் தமிழில் கூடி, இங்கிலீஷாகித் தொண்டைக்கு வருவதற்குள் வகுப்பு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும். முதலில் கை தூக்குகிறவருக்குத்தான் தெரியும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

இன்று ஒரு மேடம், கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதித் தாருங்கள், தமிழிலும் எழுதலாம் என்றார். பாடம், கடலோர மணல் நகர்வு. நான் எழுதினேன்: "எங்கள் ஆயா காலத்தில் குருசுக்குப்பத்தில் வலை காயப்போட மணல் இருந்தது. இப்போது கருங்கல்தான் இருக்கிறது. அந்த மணல் எங்கே?"

மிச்ச வகுப்பு முழுக்க அந்தச் சீட்டுதான். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டியதும் அது தெற்கே தேங்கியது, வடக்கே கரை அரிக்க ஆரம்பித்தது. அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கொட்டிய இடம் நின்றது, அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. பின்னால் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு வைத்த பிறகு அங்கே மணல் திரும்பியிருக்கிறது. ஆயா கடலைத் திட்டுவாள். கடல்மேல் குற்றமில்லை என்று இனி அவளுக்குச் சொல்ல வேண்டும்.

"இது யார் எழுதியது? இன்னும் சொல்லும்மா" என்றார் மேடம். சொன்னேன். எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. எங்களைப்போல் இருக்கிறவர்களுக்கு வேண்டியது ஒரு சீட்டு, அரை நிமிஷப் பொறுமை, அவ்வளவுதான்.

மார்ச் 12

மாசிமகம். தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகனும் இன்னும் பல ஊர்ச் சாமிகளும். பூரிக்காரியைக் கூட்டிப்போனேன். கூட்டத்தில் அவள் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். வகுப்பில் அத்தனை பேசுகிறவள், ஆயா முன்னால் தலை குனிந்து நின்றாள். "ஏன்டி, இந்தப் பொண்ணு பேசவே மாட்டேங்குது?" என்றாள் ஆயா. அவளுக்குப் பதிலாக நான் பேசினேன்.

ஏப்ரல் 17

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள். அப்பா வேலை பார்க்கும் விசைப்படகு தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. எனக்குத் திங்கட்கிழமை செமினார், தலைப்பு அதே மணல்தான். வீட்டில் சும்மா இருக்கிற அப்பாவிடம் தமிழில் பேசிக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவர் நடுவில் கை காட்டி நிறுத்தினார்.

"நீவாடு வடக்கே ஓடுதுன்னு மட்டும் சொன்னா எப்படி? வாடை வந்தா தெக்கால திரும்புமே, அதச் சொல்லலியே?"

ஐப்பசியில் நீரோட்டம் தெற்கே திரும்புகிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.