பக்கத்தில் அமர்ந்தவர்

கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது பாடியவரின் பெயரே நம் நாவில் இருக்கும். அன்றைய தோடி எப்படி, விருத்தம் எப்படி என்றெல்லாம் பேசிக்கொண்டே நடப்போம். "பிடில் வாசித்தது யார்?" என்று எவரேனும் கேட்டுவிட்டால் சற்றுத் தயங்கி, "யாரோ ஒரு பையன், நன்றாகத்தான் வாசித்தான்" என்று விடை சொல்வோம். அந்த 'யாரோ ஒரு பைய'னைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

இசையைப் பற்றி எழுத நமக்குள்ள தகுதி சிறிது. நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். கல்லூரியில் பயின்றது வரலாறு. பகற்பொழுதெல்லாம் கோப்புகளே நம் உலகம். ஆயினும் பிடில் பயிலும் ஒரு பெண்ணுக்குத் தந்தை என்ற வகையிலும், அப்பெண்ணுக்கு ஒரு தவறு இழைத்தவர் என்ற வகையிலும் சொல்வதற்கு ஒன்று உண்டு.

நம் பூர்விகம் போடிநாயக்கனூர். பணியின் தொடக்க ஆண்டுகள் மலைக்கு மேலே, மூணாற்றுப் பக்கம் கழிந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்வதைப் படிப்போர் அறிவர். அங்கே ஒரு மாதா கோயிலில் ஞாயிறுதோறும் பாடற்குழுவுடன் பிடில் வாசித்த தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடந்தான் நம் மகள் முதன்முதலில் வில்லைக் கையில் எடுத்தாள். அப்போது அவளுக்கு வயது ஏழு. நின்றுகொண்டு, தாடைக்கும் தோளுக்கும் இடையே வாத்தியத்தை இடுக்கி, மேனாட்டு முறையில் வாசிக்கக் கற்பித்தார் அவர். ஆடி மாதத்து மழையிலும் மூடுபனியிலும் மரம் ஈரம் குடித்துவிடும். பிரடைகள் திருப்ப வராமல் இறுகிக்கொள்ளும். வில்லின் குதிரைவால் முடி தொய்ந்துவிடும். அடுப்பின் வெதுவெதுப்புக்குச் சற்றுத் தள்ளிப் பெட்டியை வைத்துக் காப்பது நம் துணைவியாரின் அன்றாடக் கடமைகளில் ஒன்றாயிற்று.

2016-ல் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தது. மேற்குமலைத் தொடரின் நெடுஞ்சுவரில் இயற்கையே திறந்துவைத்த வாயில் பாலக்காட்டுக் கணவாய். அவ்வழியே காற்று மட்டுமா வந்தது? தமிழ்க் குடும்பங்கள் வந்தன. அவர்களோடு வேதமும் சமையலும் சங்கீதமும் வந்தன. 'காசியில் பாதி கல்பாத்தி' என்னும் பழமொழி வழங்கும் ஆற்றங்கரை அக்கிரகாரத்தில் முதிய ஆசிரியர் ஒருவர் நம் மகளை ஏற்றுக்கொண்டார். முதல் நாளே அவளைத் தரையில் சம்மணமிட்டு அமரச் செய்தார். வாத்தியத்தின் தலையை வலக்காலின் மீது ஊன்றி, மறுமுனையை மார்போடு சாய்த்துக் காட்டினார். இடக்கை இனி வாத்தியத்தைத் தாங்க வேண்டுவதில்லை. தந்தியின் மீது வழுக்கி ஏறவும் இறங்கவும் அதற்கு விடுதலை கிடைத்துவிட்டது. அவ்விடுதலை இல்லையேல் கமகம் இல்லை. நான்கு தந்திகளும் பழைய சுருதியை விட்டு ஸ-ப-ஸ-ப என்று மாற்றிக் கூட்டப்பெற்றன. கற்றதை மறந்து மறுபடியும் சரளி வரிசையில் தொடங்கினாள் குழந்தை.

அக்காட்சி நமக்கு வேறொன்றை நினைவூட்டியது. பிடிலும் நம்மைப் போலவே குடிபெயர்ந்து வந்ததுதானே! முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் இதனைக் கற்று நம் இசைக்கு ஆக்கினார் என்பது இசை வரலாறு. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இவ்வாத்தியத்தோடு திருவனந்தபுரம் சென்றார். அவருடைய வாசிப்பில் மகிழ்ந்த சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்தத்தால் இழைத்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். கடல் கடந்து வந்த வாத்தியம் இரண்டு நூற்றாண்டுக்குள் நம் கச்சேரிகளில் இன்றியமையாததாயிற்று. எவ்வாறு? மேடையின் நடுவிடத்தைக் கேட்டு அது வரவில்லை. பாடுவோரின் பக்கத்தில் அமர்ந்தது. அவர் குரலைத் தன் குரலாக்கிக்கொண்டது. வரலாறு படித்த நமக்கு இச்செய்தி தெரிந்தேயிருந்தது. அதன் பொருள்தான் தெரியாமற்போயிற்று.

2019-ல் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வர்ணங்கள் இரண்டு காலத்திலும் சுத்தமாக வந்தன, கீர்த்தனைகள் சேர்ந்திருந்தன. பள்ளி விழாவில் தனியாக வாசித்துக் கைதட்டலும் பெற்றாள். அவ்வமயம் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழர் மிகுந்து வாழும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அம்மன் கோயில் விழாவில் அவ்வூர்த் தையற்காரரின் மகள் ஒரு மணி நேரம் பாடவிருக்கிறாள், மிருதங்கம் கிடைத்துவிட்டது, பிடிலுக்கு ஆள் இல்லை, நம் மகள் வருவாளா?

ஆசிரியர் "அவசியம் போகட்டும்" என்றார். மகளும் ஆவலோடிருந்தாள். நாம்தாம் மறுத்தோம். "தனிக் கச்சேரிக்குத் தயாராகிற பெண், பேர் தெரியாத ஒருத்திக்குப் பக்கவாத்தியமா?" என்று கேட்டோம். இரண்டாவது நாற்காலியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் எழுத்தருக்குத் தம் பிள்ளையேனும் முதல் நாற்காலியில் அமரவேண்டும் என்ற ஆசை இருப்பது இயல்புதான். ஆனால் அன்று நம் வாயிலிருந்து வந்தது ஆசையன்று, செருக்கு. பிடில் இல்லாமலேயே அச்சிறுமி பாடினாள் என்று பின்னர் அறிந்தோம். நம் மகள் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் வாத்தியப் பெட்டியை மூடி அலமாரியின் மேல் வைத்தவள் ஓராண்டுக்கு மேல் அதைத் திறக்கவேயில்லை.

2020 நவம்பர் 2-ஆம் நாள் சென்னையில் வயலின் மேதை டி. என். கிருஷ்ணன் தம் 92-ஆம் வயதில் மறைந்தார். நோய்த்தொற்றுக் காலம், எவரும் எவர் வீட்டுக்கும் செல்லாத நாள்கள். ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து வெகுநேரம் பேசினார். பேச்செல்லாம் கிருஷ்ணனின் இளமைப் பருவத்தைப் பற்றியே.

கிருஷ்ணன் 1928 அக்டோபர் 6-ல் திருப்பூணித்துறையில் பிறந்தவர். தந்தை ஏ. நாராயண ஐயரே முதற்குரு. 1939-ல், பதினொரு வயதை ஒட்டிய பருவத்தில், திருவனந்தபுரத்தில் தனிக் கச்சேரியோடு அரங்கேறினார். நம் போன்ற தந்தையருக்கு இச்செய்தி மட்டுமே காதில் விழும்: பதினொரு வயதில் தனிக் கச்சேரி! அதற்குப் பின் நடந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆலப்புழையின் கலைப் புரவலர் கே. பார்த்தசாரதி சிறுவனுக்கு ஆதரவளித்தார். 1942-ல் கிருஷ்ணன் சென்னைக்குப் பெயர்ந்தார். உலகப் போரின் அச்சத்தால் சென்னை மக்களே மூட்டை முடிச்சுகளோடு நகரைவிட்டு வெளியேறிய ஆண்டு அது. பதினான்கு வயதை எட்டும் பிள்ளை அந்நகரை நோக்கிச் சென்றது. அங்கே செம்மங்குடி சீனிவாச ஐயரின் அரவணைப்பு வாய்த்தது. அரியக்குடி, முசிறி, செம்பை, செம்மங்குடி முதலிய பெரியோர்களின் பக்கத்தில் அமர்ந்து வாசித்தே அவர் வளர்ந்தார். தனிக் கச்சேரியால் தொடங்கியவர் பக்கவாத்தியத்தால் பக்குவப்பட்டார். லால்குடி ஜெயராமன் பக்கவாத்தியக்காரராகத் தொடங்கியதும் பன்னிரண்டாம் வயதில்தான். எம். எஸ். கோபாலகிருஷ்ணனையும் சேர்த்து வயலின் மும்மூர்த்திகள் என்று இம்மூவரையும் உலகம் போற்றியது. மூவரும் பக்கத்து இருக்கையில் பயின்றவர்களே.

பாலக்காட்டு மண்ணின் மைந்தர் செம்பை வைத்தியநாத பாகவதரைப் (1896–1974) பற்றியும் ஆசிரியர் சொன்னார். தாமே பிடிலும் பயின்றவரான செம்பை, இளைஞர்களைப் பக்கவாத்தியத்துக்கு அமர்த்தி மேடையிலேயே தட்டிக்கொடுப்பதில் பேர்பெற்றவர். பாலக்காடு மணி ஐயர் சிறுவயதிலேயே அவருக்கு மிருதங்கம் வாசித்தார். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இடம் கொடுப்பதும், அவ்விடத்தைச் சிறியவர் பணிவோடு ஏற்பதுமாகவே இக்கலை கைமாறி வந்திருக்கிறது.

பக்கவாத்தியம் என்பது எளிய வேலையன்று என்பதை அன்றுதான் நாம் கருத்தூன்றிக் கேட்டோம். பாடுபவரின் சுருதி எதுவோ அதற்குத் தன் தந்திகளைக் கூட்டிக்கொள்வது முதற்படி. தன் சௌகரியத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். ஆலாபனையில் பாடுபவரை ஒரு நூல் இடைவெளியில் நிழல்போல் தொடர வேண்டும். முந்தவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. பின்பு தன் முறை வரும்போது அதே இராகத்தைத் தன் சிந்தையால் வளர்க்க வேண்டும். ஆனால் பாடியவரின் ஆலாபனையை விழுங்கிவிடும் அளவுக்கு நீட்டலாகாது. கற்பனை சுரங்களில் அவர் விடுக்கும் கணக்குக்கு அக்கணமே விடை தர வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் வில்லை மடியில் கிடத்தி வாய்மூடியிருக்க வேண்டும். ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு பாணி; ஒரே தோடி பத்துப் பாடகரிடம் பத்து முகம் காட்டும். தனியே வாசிப்பவருக்குத் தம் முகம் ஒன்றே தெரியும். பக்கத்தில் அமர்ந்தவருக்குப் பத்தும் தெரியும்.

"பின்னாலே போகத் தெரியாதவருக்கு முன்னாலே போகவும் தெரியாது, சார்" என்று முடித்தார் ஆசிரியர். நம்மைக் குறித்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று நாம் கேட்கவில்லை.

அன்றிரவு அலமாரியின் மேலிருந்த பெட்டியை நாமே இறக்கிவைத்தோம். மகளிடம், "அப்பா செய்தது தப்பு, அம்மா" என்றோம். அவள் நிமிர்ந்து பார்த்து, "அந்த அக்கா இன்னும் பாடறாளாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

கோயில்கள் திறந்து விழாக்கள் மீண்டும் தொடங்கிய பின் ஒரு ஞாயிறன்று பேருந்தேறிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சென்றோம். தையற்காரரின் வீடும் கடையும் ஒன்றே. வந்த காரியத்தைச் சொல்லி, முன்பு மறுத்ததற்கு வருத்தமும் தெரிவித்தோம். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். "அதுக்கென்னங்க, புள்ளைங்க ரெண்டும் சேர்ந்து உக்காரட்டும்ங்க" என்றார். அலுவலகத்தில் எத்தனையோ மன்னிப்புக் கடிதங்களைக் கோப்பில் சேர்த்திருக்கிறோம். மன்னிப்பு இத்தனை எளிதாகக் கிடைத்து நாம் கண்டதில்லை.

2022-ல் அதே அம்மன் கோயிலில் இருவரும் அமர்ந்தனர். தொடக்கத்தில் நம் மகளின் வில் சற்று அழுத்தமாகவே விழுந்தது. மேடைக்குக் கீழே அமர்ந்திருந்த ஆசிரியர் கையை மெல்லத் தாழ்த்திக் காட்டினார், ஒலி அடங்கிற்று. மோகன இராகக் கீர்த்தனையில் சுரம் பாடிவந்த பெண், கணக்கில் தடுமாறிப் பல்லவியின் எடுப்பைத் தவறவிட்டாள். ஒரு கணம் அவள் முகம் வெளுத்தது. அதே கணத்தில் பல்லவியின் முதலடியைப் பிடில் மிக மென்மையாக எடுத்துக்கொடுத்தது. பாடியவள் அதைப் பற்றிக்கொண்டு அடுத்த ஆவர்த்தத்தில் சேர்ந்துவிட்டாள். அவையோரில் எவரும் அறியவில்லை. மேடையில் இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதை நாம் கண்டோம். பள்ளி விழாவில் கிடைத்த கைதட்டலைவிட அச்சிரிப்பு பெரிதென்று அப்போது தோன்றிற்று.

இனி அவள் வயலின் கலைஞராவாளா? அப்பாதை நெடிது. வானொலியில் 'பி' நிலைக்கான தேர்வில் வாசித்து அங்கிருந்து படிப்படியாக உயர வேண்டும். ஊதியத்துக்கு வேறொரு வழியும் வேண்டியிருக்கும். கிருஷ்ணனே சென்னை இசைக் கல்லூரியில் முதல்வராகவும் தில்லிப் பல்கலைக்கழக இசை, நுண்கலைப் புலத்தின் தலைவராகவும் பணியாற்றியவர்தாம். அவர் தங்கை என். ராஜம் அதே தந்தையிடம் பயின்று, பின்பு இந்துஸ்தானி இசையைத் தழுவிக் காசியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். ஒரே வீட்டில் தொடங்கிய இரு வில்கள் இரு திசையில் சென்றன. நம் மகளின் வில் எத்திசை செல்லும் என்று கட்டளையிடும் உரிமை நமக்கில்லை. பெட்டியை இறக்கிவைக்கும் கடமை மட்டுமே உண்டு.

கச்சேரி முடிந்து கோயில் வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். முன்னே நடந்த இரு பெண்மணிகள் பாட்டைப் புகழ்ந்து பேசிச் சென்றனர். "பிடில் வாசிச்சது யாருங்க்கா?" என்றார் ஒருவர். "யாரோ ஒரு புள்ள; நல்லாத்தான் வாசிச்சுது" என்றார் மற்றவர்.

'அவள் எம் மகள்' என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொல்லாமல் பின்னாலேயே நடந்தோம்.