பெட்டியில் உறங்கும் வெள்ளி

நாணயம் என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். முன்னதைச் சேர்ப்போர் பின்னதையும் பேண வேண்டுமென்று இச்சொல்லே நமக்கு உணர்த்துகிறது.

சிவகாசி அச்சகமொன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் விருதுநகரில் நம்மைக் காண வந்தார். பாட்டனார் ஹஜ்ஜிலிருந்து கொணர்ந்தவையும் தாம் தேடிச் சேர்த்தவையுமாக 24 வெள்ளிக் காசுகள் அவரிடம் உள்ளன. அனைத்திலும் ஓர் அரசியின் உருவம். 1780 என்னும் ஆண்டு. "ஹஜ்ரத், ஆசைக்குச் சேர்த்த இவற்றுக்கும் ஜகாத் உண்டா?" என வினவினார்.

அவை மரியா தெரசா தாலர்கள். 1871இல் ஒன்றுபடும்வரை ஜெர்மானியர் பல அரசுகளாய்ப் பிரிந்திருந்தனர். அவை தத்தம் வெள்ளிக் காசுகளை அச்சிட்டன. பொஹீமியாவின் யோவாகிம்ஸ்தால் என்னும் சுரங்க ஊரே தாலருக்குப் பெயர் தந்தது. டாலரும் அதன் வழிவந்த சொல்லே. அன்று ஆஸ்திரிய அரசியின் ஆட்சியிலிருந்து இன்று பவேரியாவைச் சேர்ந்துள்ள குன்ஸ்பர்க்கில் அச்சான தாலர், காப்பி வாணிகத்தோடு அரபு நாடுகளை அடைந்தது. யமனியர் அதனை ரியால் ஃபரன்ஸீ என்றனர். அரசி 1780இல் மறைந்த பின்னரும் அவ்வாண்டையே பொறித்து அச்சிட்டு வந்தனர்; இரண்டாம் உலகப்போரின்போது நமது பம்பாய் நாணயச்சாலையும் அச்சிட்டது.

இனி மார்க்கத்தின் கணக்கு. வெள்ளியின் நிஸாபு 200 திர்ஹம். அதனை 52½ தோலா, ஏறத்தாழ 612 கிராம் என்பர். தாலரின் எடை 28 கிராமுக்குச் சற்று மேல். ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. வெள்ளி மிகுந்திருப்பின் முழுக் காசையும் வெள்ளியாகவே கொள்வர் ஹனபி இமாம்கள். அவ்வாறெனில் 24 காசுகள் 673 கிராம். ஓராண்டு நிறைந்ததும் நாற்பதில் ஒரு பங்கு கடமை. ஷாபிஈ இமாம்கள் தூய வெள்ளியை மட்டுமே எண்ணுவர். அது 561 கிராம்தான். அன்பர் ஷாபிஈ மத்ஹபினர். வேறு சேமிப்பும் அற்றவர். எனவே இப்போது கடமையில்லை என்றோம். மூன்று காசுகள் கூடினால் கடமையாகிவிடும் என்பதையும் சேர்த்தே சொன்னோம்.

ஆசைக்குச் சேர்த்தது என்பதால் வெள்ளி வெள்ளியல்லாமற் போகாது. மகளிர் அணியும் நகைக்கு ஷாபிஈ மத்ஹபு தரும் சலுகை, பெட்டியிலுள்ள காசுக்கு இல்லை. விற்பதற்கென வைத்திருப்போரோ சந்தை மதிப்பையும் பார்த்தாக வேண்டும்.

வெடி வெடிப்போரைக் காசைக் கரியாக்குகிறார்கள் என்று பழிக்கிறோம். பூட்டி வைத்த காசில் ஏழையின் பங்கு இருக்கிறதா என எண்ணிப் பார்க்கிறோமா? பொன்னையும் வெள்ளியையும் குவித்து, இறைவழியில் ஈயாதோரைத் திருமறையின் தவ்பா அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. பழங்காசு சேர்ப்பது நல்ல கலை. வரலாறும் புவியியலும் அதில் அடங்கியுள்ளன. ஆண்டுக்கொரு முறை பெட்டியைத் திறந்து தராசில் வைப்போம். அல்லாஹ் நம் சேமிப்பைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.